விடையினும் பெரிது வினா

யாழ்ப்பாணத்தார் கணிதத்தைப் போற்றுவர் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவர் போற்றுவது கணிதத்தையோ, அதன் வழியாகக் கிட்டும் பொறியியற் பீட அனுமதியையோ என்பது சிந்தித்தற்குரியது. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவினை நாடும் மாணவர் பலர்க்கு அஃது ஓர் ஓடம். அக்கரை சேர்ந்ததும் ஓடத்தை மறந்துவிடுகின்றனர். கணிதத்தையே கற்கப் புகுவோனை நோக்கி, "இதனால் ஆய பயன் யாது?" என்று சுற்றத்தார் வினவுவர். அவ்வினாவிற்கு ஒரு வரலாற்றையே விடையாகத் தர விழைகின்றேன்.

கறல் விசுவநாதபிள்ளை தமிழில் ஆக்கிய 'வீசகணிதம்' 1855 இல் இம்மண்ணில் வெளிவந்தது. அட்சரகணிதத்தைத் தமிழாற் கூறல் இயலும் என அன்றே காட்டினர் நம் முன்னோர். சரியாக நூறாண்டு கழித்து, 1955 இல், பிரான்சு நாட்டுக் கணித மேதை சேர் என்பார் அட்சரகணிதத்தில் ஒரு வினாவை எழுப்பினார்.

பனையோலைச் சார்வு ஒன்றின் இரு முனைகளையும் நேரே பொருத்தினால் ஒரு வளையுண்டாகும். அரைச்சுற்றுத் திருகிப் பொருத்தினால் வேறொன்றுண்டாகும். சிறு துண்டாக நோக்கின் இரண்டும் ஒன்றே. முழுமையாக நோக்கின் வேறு. இத்தகைய திருகல் அட்சரகணிதத்திலும் உண்டு. பல மாறிகளைக் கொண்ட பல்லுறுப்பிகளின்மேல் அமையும் கட்டமைப்புக்களில் அத்திருகல் தோன்றுமோ, தோன்றாதோ என்பதே சேர் விடுத்த வினா.

இரு மாறிகளுக்குத் திருகல் இல்லையென 1958 இல் நிறுவியவர் ஒரு தமிழர். காஞ்சிபுரத்திற் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியே அவர். சென்னை லொயோலாக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராயிருந்தவர் சாள்ஸ் ரசீன் அடிகளார் என்னும் பிரெஞ்சுத் துறவி. பாடத்திட்டத்தின் எல்லையில் நின்றுவிடாது, பாரிசு நகரிற் பிறந்துகொண்டிருந்த புதுக்கணிதத்தை மாணவர்க்கு உணர்த்தி, பம்பாய்த் தாதா ஆராய்ச்சி நிலையத்திற்கு அவர்களை ஆற்றுப்படுத்தியவர் அவர். மாறிகள் எத்தனையாயினும் திருகல் இல்லையென்பதைக் குயிலனும் சுசிலினும் 1976 இல் தனித்தனியே நிறுவினர். அதே ஆண்டில், தமிழகத்தைச் சேர்ந்த இரா. பரிமளா, இருபடி வடிவங்களுக்கு இதனையொத்த கூற்றுப் பொருந்தாதென ஓர் எடுத்துக்காட்டினாற் காட்டி அறிஞரை வியப்பிலாழ்த்தினார்.

விடை கிட்டுதற்கு இருபத்தோராண்டு சென்றது. அவ்விடைவெளி வீண்போகவில்லை. அத்தகைய கட்டமைப்புக்களைக் கூட்டியும் கழித்தும் கணக்கிடும் பேரேடு போன்ற ஒரு முறையைக் குறொதெண்டிக் 1957 இல் வகுத்திருந்தார். 'வகுப்பு' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தால் அது கே-கோட்பாடு எனப் பெயர்பெற்றது. பாஸ், மில்னர், குயிலன் ஆகியோர் அதனை மேன்மேலும் விரித்தனர். சேரின் வினாவை அவிழ்க்கும் முயற்சியும் அவ்வளர்ச்சிக்கு உரமாயிற்று.

எனினும், அப்பேரேட்டின் பக்கங்களைக் கணித்தல் மிக அரிது. ஹொக்சில்ட் 1945 இல் அமைத்த ஹொமோலொஜி என்னும் அளவுமுறை அதனினும் எளிது. இரண்டிற்குமிடையே ஒரு பாலம் உண்டு. தாயமொன்றின் முதன்மை மூலைவிட்டத்து உறுப்புக்களைக் கூட்டுதலை நம் மாணவர் அறிவர். அவ்வெளிய கூட்டலின் விரிவே அப்பாலம். 1980களில் கொன், சிகான் ஆகியோர் கண்ட வட்ட ஹொமோலொஜி அப்பாலத்தை வலுப்படுத்தியது. தன்னைத்தானே சிலமுறை பெருக்கினாற் பூச்சியமாகிவிடும் நுண்ணிய கூறுகளைச் சேர்ப்பதனாற் கே-கோட்பாட்டில் நேரும் மாற்றத்தை, விகிதமுறு எண்களின் அளவில், வட்ட ஹொமோலொஜி முற்றாக அளந்துவிடும் என்பது 1986 இல் குட்வில்லி நிறுவிய தேற்றம்.

இதனால் ஒரு பாலமேனும் ஆற்றின்மேற் கட்டப்படவில்லை. ஆயினும், ஒரு வினா மூன்று கண்டத்து அறிஞரை இணைத்தது. புதியதோர் அறிவுத்துறையை வளர்த்தது. அப்பணியிற் பங்குகொண்ட தமிழர் இருவரும் நம்மையொத்த ஊர்களிலிருந்து வந்தோரே. அவர்க்கு வாய்த்தவை செல்வமுமல்ல, பெருங்கட்டடங்களுமல்ல. வினாவை மதிக்கும் ஆசிரியரும் சூழலுமேயாம்.

பழைய மாணவர்காள்! கட்டடங்களுக்கும் விளையாட்டரங்கிற்கும் நீவிர் வாரி வழங்குவதை யாவரும் அறிவர். அக்கொடையில் ஒரு கூறு கணித நூல்களுக்கும், பரீட்சையிற் கேட்கப்படாத வினாக்களை ஆராயும் ஒரு மாணவர் மன்றத்திற்கும் செல்லட்டும். திருநெல்வேலியிற் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்குள்ள கணித ஆசிரியரை அம்மன்றத்திற்கு அழைத்தல் அரிதன்று. மாணவர்காள்! புள்ளிகளைப் பெறுமின், வேண்டாமென்பாரில்லை. ஆயின், புள்ளித்திட்டத்தில் விடையில்லாத வினா ஒன்றையேனும் நெஞ்சிற் கொண்டு இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லுமின். வீசகணிதத்தைத் தமிழிற் கண்ட மண், கே-கோட்பாட்டையும் தமிழிற் பேசும் நாள் அத்தகைய மாணவராலேயே வரும்.