ரத்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் வழி உண்டு

கல்லீரல் செயலிழந்தவருக்குத் தம் ஈரலின் ஒரு பகுதியைத் தர மனைவியோ மகனோ முன்வந்தும், ரத்தப் பிரிவு பொருந்தாததால் சிகிச்சை நின்றுபோவதுண்டு. இதை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகள் மிக அரிதாகக் கிடைக்கும் ஜப்பான், பிரிவு பொருந்தாத மாற்று சிகிச்சையில் நெடுங்காலம் உழைத்தது. பெரியவர்களின் ரத்தத்தில் வேற்றுப் பிரிவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருக்கும். அவை புதிய ஈரலின் ரத்தக் குழாய்களைத் தாக்கினால் திசு அழியும், பித்தக் குழாய்கள் சுருங்கும். கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து பெரியவர்களின் நிலையை மாற்றியது. அங்கே 33 மையங்களில் பெரியவர்கள் 381 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பொருள்களால் ஈரல் நிராகரிக்கப்படுவது மருந்து பெறாதோரிடம் 23 சதவீதம். மருந்து பெற்றவர்களிடம் 6 சதவீதம்.

ஆனால் மருந்து வேலை செய்ய அவகாசம் வேண்டும். வழக்கமாக அறுவைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அது செலுத்தப்படுகிறது; தேவைப்பட்டால் பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருள்களின் அளவும் குறைக்கப்படுகிறது. எலி மருந்தை உட்கொண்டு திடீரென ஈரல் செயலிழந்தவருக்கு அந்த அவகாசம் இராது. உடல் முற்றிலும் தளர்ந்தபின் வருபவருக்கோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் இதே மருந்தால் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே நோயாளிக்கு அவகாசம் தேடித் தருவது அனைவரின் கடமை. வயிற்றில் நீர் கோத்தவரையும் ரத்த வாந்தி எடுத்தவரையும் உள்ளூர் மருத்துவர் தாமதிக்காமல் மாற்று சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். பிரிவு பொருந்தாத இரு குடும்பங்கள் கொடையாளர்களைப் பரிமாறிக்கொள்ள இந்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடமளிக்கிறது. அத்தகைய குடும்பங்களின் விவரங்களை மருத்துவமனைகள் தங்களுக்குள் பகிர வேண்டும். மருந்துக்கும் பிளாஸ்மா மாற்றத்துக்கும் ஆகும் செலவை அரசுக் காப்பீடு ஏற்க வேண்டும்.

மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்வோருக்கு 2023 முதல் அரசு மரியாதை அளிக்கும் மாநிலம் தமிழ்நாடு. அந்த மரியாதைக்குப் பொருள் சேர்ப்பது மக்களின் சம்மதமே. உறுப்பு தான விருப்பத்தை வீட்டில் இன்றே வெளிப்படையாகச் சொல்லுங்கள். தானம் பெருகினால், பொருந்தாத பிரிவோடு போராடும் நிலையே பலருக்கு வராது.