வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா!

ஆணி புடுங்குறதுல மும்முரமா இருந்ததால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. வந்ததும் ஒரு பஞ்சாயத்தோட தான் வர்றேன். விஷயம் என்னவோ சின்னது. கம்ப்யூட்டர்ல வெப்சைட் எல்லாம் பளீர்னு வெள்ளையா இருக்கே, அதைக் கறுப்பாக்குறது. 'இதுக்கெல்லாமா ஒரு பதிவு?'ன்னு கேக்குறவங்க, உங்க வீட்ல அறுபது தாண்டின ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு எப்படி லேப்டாப் பாக்குறார்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வாங்க. நான் வெயிட் பண்றேன்.

எங்க வீட்ல அது அப்பா. நங்கநல்லூர்ல ரிடையர் ஆன முக்கால்வாசி பேரோட டைம் டேபிள் தான் அவருக்கும். காலைல ஆஞ்சநேயர் கோவில், மத்தியானம் தூக்கம், ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப். ரெண்டு பேப்பர் படிப்பார், பென்ஷன் கணக்கைப் பாப்பார், யாருக்காவது ரயில் டிக்கெட் போட்டுக் குடுப்பார். ரெண்டு கண்ணுலயும் புரை. சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு ராத்திரி ஹாலுக்கு வந்தா மனுஷன் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கார்.

"என்னப்பா, எம்.ஜி.ஆர். ஆயிட்டீங்க?"

"ஏன்டா, பொட்டி தட்டுற வேலைல தானே இருக்கே? இந்த வெளிச்சத்தைக் குறைக்க ஒரு வழி கிடையாதா? பக்கத்தைத் திறந்தா எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் மாதிரி அடிக்குது."

பிரைட்னஸைக் குறைச்சுக் குடுத்தேன். அப்போ எழுத்தும் சேர்ந்து மங்கிப் போச்சு. அது தான் சிக்கலே. புரை விழுந்த கண்ணுல லென்ஸ் கலங்கி இருக்கும். வெள்ளைத் திரையில இருந்து வர்ற அவ்வளவு வெளிச்சமும் கண்ணுக்குள்ள சிதறி, எழுத்து மேல பனி மூட்டம் போட்ட மாதிரி ஆக்கிடும். கறுப்புல வெள்ளை எழுத்துன்னா சிதற வெளிச்சமே கம்மி. இது நான் கண்டுபிடிச்சது இல்ல. கார்டன் லெக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழு 1985-லயே பார்வைக் குறைபாடு உள்ளவங்களைப் படிக்க வச்சுப் பாத்துட்டு, கண்ணுல கலங்கல் இருக்கறவங்களுக்குக் கறுப்புல வெள்ளை தான் சுலபமா இருக்குன்னு எழுதிட்டாங்க. நமக்கு ஃபேஷன், அவருக்கு அவசியம்.

சரி, நாம தான் இன்ஜினியர் ஆச்சே! பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா முடிஞ்சுது. தேடினேன், மேல வந்ததை அப்படியே அமுக்கினேன், எல்லாப் பக்கமும் கறுப்பாச்சு. "பரவாயில்லையேடா"ன்னார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு வீட்ல கிடைச்ச முதல் பாராட்டு :-)

பத்து நாள் கழிச்சு, "ஏன்டா, எதைத் தேடினாலும் வேற எங்கயோ போயிட்டு வருதே?"ன்னார். பாத்தா, தேடல் முடிவுகள் எல்லாம் ஏதோ பேர் தெரியாத தளம் வழியா விளம்பரத்தோட வந்துட்டு இருக்கு. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்ததுல மாட்டினது நான் போட்ட அதே எக்ஸ்டென்ஷன். பேர் வேண்டாம். அதே பிரவுசர்ல தான் பேங்க், அதே பிரவுசர்ல தான் பென்ஷன். ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உக்காந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தினோம். பணம் ஒண்ணும் போகல. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. ஆபீஸ்ல அடுத்தவன் எழுதின நாலு வரி கோடுக்கு நாப்பது கேள்வி கேக்குறவன், வீட்ல எவன் எழுதினதுன்னே தெரியாததை அப்பா கணக்குக்குப் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்.

இங்க தான் எனக்குக் கோபம் வருது. என் மேல பாதி, மீதி பிரவுசர் செய்யறவங்க மேல.

இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன் போடும்போது ஒரு எச்சரிக்கை வரும். நீங்க போற எல்லா தளத்துலயும் உள்ள உங்க தகவலைப் படிக்கவும் மாத்தவும் இதுக்கு அனுமதி வேணும்னு. நிறம் மாத்துறதுக்கு எதுக்குய்யா அவ்வளவு பெரிய சாவி? காரணம் இருக்கு. நிறத்தை மாத்தணும்னா பக்கத்துல எது தலைப்பு, எது பின்னணி, எது படம்னு முதல்ல படிக்கணும், அப்புறம் அது மேல எழுதணும். அப்படிப் படிக்க முடிஞ்சா உங்க பேங்க் பேலன்ஸையும் படிக்க முடியும். 'நிறத்தை மட்டும் தொடு, வேற எதையும் பாக்காதே'ன்னு சொல்ற மாதிரி சின்ன சாவி ஒண்ணு பிரவுசர்ல கிடையாது. சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்க வர்றவர்கிட்ட பீரோ சாவியையும் சேர்த்துக் குடுக்குற கதை தான்.

அடிக்க வர்றவர் நல்லவராவே இருக்கலாம். நாளைக்கு அவர் கடையை வேற யாருக்காவது வித்துட்டா? நடந்திருக்கு. தளங்களோட தோற்றத்தை மாத்துறதுக்கு 2005-ல இருந்து இருந்தது ஸ்டைலிஷ். பல வருஷம் நல்ல பேரோட ஓடுச்சு. கை மாறி, 2017-ல சிமிலர்வெப்ங்கற கம்பெனிகிட்ட போச்சு. 2018 ஜூலைல ராபர்ட் ஹீட்டன்னு ஒரு புரோகிராமர், இது நீங்க பாக்குற ஒவ்வொரு பக்கத்தோட முகவரியையும் வெளிய அனுப்புதுன்னு புட்டுப் புட்டு வச்சார். குரோமும் ஃபயர்பாக்ஸும் உடனே கடையில இருந்து தூக்கினாங்க. அப்புறம் ஒப்புதல் கேக்குற மாதிரி மாத்தி அது திரும்ப வந்தது வேற விஷயம். கிரேட் சஸ்பெண்டர்னு இன்னொண்ணு, 2020-ல விக்கப்பட்டு 2021 பிப்ரவரில கூகுளே அதைத் தீம்பொருள்னு சொல்லி நிறுத்துச்சு. ரெண்டுலயும் பயன்படுத்தினவங்க எந்தத் தப்பும் பண்ணல. ஒரு நாள் நல்லதா இருந்ததைப் போட்டாங்க, அது இன்னொரு நாள் தானே அப்டேட் ஆகி வேறொண்ணா மாறிடுச்சு.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, இந்த நிறம் மாத்துற உரிமை ஆரம்பத்துல நம்ம கையில தான் இருந்துச்சு. ஹோகன் வியம் லீ 1994-ல சி.எஸ்.எஸ்.ங்கற யோசனையை முன்வச்சப்பவே, பக்கத்தோட தோற்றத்துல எழுதினவருக்கு எவ்வளவு பங்கு, படிக்கிறவருக்கு எவ்வளவு பங்குன்னு சதவீதக் கணக்கு போடற அளவுக்கு யோசிச்சிருக்கார். 1996-ல வந்த முதல் வடிவத்துல ரெண்டு பேரும் 'இது முக்கியம்'னு குறிச்சா எழுதினவர் ஜெயிப்பார். 1998-ல வந்த ரெண்டாவது வடிவத்துல அதைத் தலைகீழா மாத்தி, படிக்கிறவர் ஜெயிப்பார்னு விதி எழுதினாங்க. பெரிய எழுத்து வேணும், வேற நிறம் வேணும்னு தேவை இருக்கறவங்களுக்காகவே எழுதின விதி அது.

நாம கிண்டல் அடிக்கிற இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல கூட, 'என் ஸ்டைல் ஷீட்டைப் பயன்படுத்து'ன்னு செட்டிங்ஸ்ல ஒரு இடம் இருந்துச்சு. ஓபரால ஒரு சொடுக்குல எழுதினவர் தோற்றம், நம்ம தோற்றம்னு மாத்திக்கலாம். குரோம் 2014-ல அந்த வசதியைத் தூக்கிடுச்சு. ஃபயர்பாக்ஸ் 2019-ல அதை யாரும் போகாத மூலையில ஒளிச்சு வச்சிடுச்சு. 'அதான் எக்ஸ்டென்ஷன் இருக்கே'ங்கறது பதில். அதாவது வீட்டுக்குள்ள இருந்த ஸ்விட்சைப் பிடுங்கிட்டு, வெளிச்சம் குறைக்கணும்னா தெருவுல போறவரைக் கூப்பிட்டுக்கோன்னு சொல்லிட்டாங்க.

'அப்போ எக்ஸ்டென்ஷனே வேண்டாங்கறியா?'ன்னா, இல்ல. நம்ம தமிழுக்கே இது சோறு போட்டிருக்கு. என்னைவிட மூத்த பதிவர்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். திஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு குறியேற்றம், ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லன்னா திரை முழுக்க ஜிலேபி. அப்போ பத்மான்னு ஃபயர்பாக்ஸ்ல ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு. தெலுங்குக்காக ஆரம்பிச்சு, தமிழும் சேர்ந்துச்சு. பக்கம் திறக்கும்போதே ஜிலேபியை யூனிகோடா மாத்திக் காட்டும். தளக்காரர் செய்யாததை ஒரு தன்னார்வலர் செஞ்சு குடுத்தார். அப்புறம் என்ன ஆச்சு? தளங்கள் ஒவ்வொண்ணா யூனிகோடுக்கு வந்துச்சு. 2010-ல தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏத்துக்கிச்சு. பத்மாவுக்கு வேலை இல்லாம போச்சு. ஊன்றுகோலைக் கீழ வைக்கிற நாள் வர்றது தான் அந்த ஊன்றுகோலோட வெற்றி.

நிறத்துக்கும் அது தான் நடக்கணும். 2020-ல இருந்தே எல்லா பெரிய பிரவுசரும், 'இவருக்கு இருட்டு நிறம் பிடிக்கும்'னு தளத்துக்கு ரகசியமா சொல்லிடும். தளம் அதைக் கேட்டு நடக்கணும், அவ்வளவு தான். விக்கிப்பீடியா 2024-ல தானே இருட்டு நிறத்தைக் கொண்டு வந்துச்சு. ஆனா பேங்க், பேப்பர், டிக்கெட், பில் கட்டுற தளம்னு வயசானவங்க தினம் போற இடத்துல முக்கால்வாசி இன்னும் டியூப் லைட் தான். உண்மையைச் சொல்லணும்னா எங்க ஆபீஸ்லயும் இந்த வேலை பல மாசமா பட்டியல்ல அடியில கிடக்கு. 'பிசினஸ் வேல்யூ என்ன?'ன்னு கேட்டாங்க. அப்பாவோட கூலிங் கிளாஸை ஃபோட்டோ எடுத்து அனுப்பலாம்னு இருக்கேன்.

இப்போ மறுபக்கம். கறுப்பு தான் உசத்தின்னு கொடி பிடிக்கிறவங்களுக்கும் ஒரு குட்டு வைக்கணும். நல்ல கண்ணுக்கு, வெளிச்சமான ரூம்ல, வெள்ளையில கறுப்பு எழுத்து தான் படிக்க சுலபம்னு ஆய்வுகள் சொல்லுது. கறுப்புல கண்மணி விரியும், கூர்மை குறையும். பேட்டரி மிச்சம்ங்கறதும் முழு உண்மை இல்ல. பர்டூ பல்கலைக்கழகம் 2021-ல ஓ.எல்.இ.டி. போன்களை அளந்து பாத்துச்சு. பிரைட்னஸ் 30-ல இருந்து 50 சதவீதத்துல வச்சா மிச்சம் வெறும் 3-ல இருந்து 9 சதவீதம். முழு வெளிச்சத்துல தான் 39-ல இருந்து 47 வரைக்கும். சாதா எல்.சி.டி. லேப்டாப்ல கறுப்புன்னாலும் பின்னாடி விளக்கு எரிஞ்சுட்டே தான் இருக்கும்.

தமிழுக்குன்னு தனியா ஒரு தொல்லை வேற. சின்ன எழுத்துல, கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து கொஞ்சம் பொங்கித் தெரியும். இங்கிலீஷ் தாங்கிக்கும். நம்ம ண-வோட சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மெல்லிசான எழுத்துருன்னா புள்ளியே காணாம போயிடும். புள்ளி போனா 'பால்' 'பால' ஆயிடும்! கேப்சா எழுத்து கறுப்பு, பின்னணியும் கறுப்பாகி, டிக்கெட் போற அவசரத்துல அப்பா என்னைக் கூப்பிட்ட கூப்பாடு பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

சரி, இப்போ வீட்ல என்ன வச்சிருக்கேன்? டார்க் ரீடர். கோடு எல்லாரும் பாக்குற மாதிரி திறந்து கிடக்கு. அதே பேர்ல போலிகளும் வந்ததால, அவங்களோட சொந்த தளத்துல இருந்து போய்த் தான் போட்டேன். அப்புறம் மூணு வேலை செஞ்சேன்.

1. பேங்குக்கும் பென்ஷனுக்கும் தனி பிரவுசர். அதுல எந்த எக்ஸ்டென்ஷனும் கிடையாது. நல்லவராவே இருந்தாலும் பீரோ ரூமுக்குள்ள வேண்டாம்.

2. குரோம்ல எக்ஸ்டென்ஷனை 'எல்லா தளத்திலும்'ங்கறதுல இருந்து 'குறிப்பிட்ட தளங்களில்'னு மாத்தலாம். அப்பா படிக்கிற அஞ்சாறு தளத்துக்கு மட்டும் குடுத்தேன்.

3. கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் இறக்கி, எழுத்தோட தடிமனை ஒரு புள்ளி ஏத்தினேன். அதுக்கு அதுலயே இடம் இருக்கு. காணாம போன புள்ளி எல்லாம் வீடு திரும்பிடுச்சு.

கதை இங்க முடியல. ரெண்டு மாசம் முன்னாடி அப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, ரெண்டு கண்ணும். கட்டு பிரிச்சு வந்தப்புறம் சுவத்தையே பாத்துட்டு இருந்தார். "இது எப்போடா பெயின்ட் அடிச்சே? இவ்வளவு வெள்ளையா இருக்கு?" அடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. அவருக்குத் தான் அது இத்தனை நாளா மஞ்சளா தெரிஞ்சிருக்கு. அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறந்து, "இந்தக் கறுப்பை எடுத்துடுடா, துக்க வீடு மாதிரி இருக்கு"ன்னுட்டார்.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஆனா யோசிச்சா அதுல தான் மொத்த விஷயமும் இருக்கு. ஒரே மனுஷர், ஒரே லேப்டாப், ஒரே நாற்காலி. ஒரு மாசம் கறுப்பு வேணும், அடுத்த மாசம் வெள்ளை வேணும். எது நல்ல நிறம்னு பெங்களூர்ல உக்காந்திருக்கற டிசைனருக்கும் தெரியாது, கலிஃபோர்னியால உக்காந்திருக்கறவருக்கும் தெரியாது. படிக்கிற கண்ணுக்குத் தான் தெரியும். அதனால ஸ்விட்ச் அந்தக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும். அதை அமுக்குறதுக்கு பீரோ சாவியை விலையா கேக்கக் கூடாது. இவ்வளவு தான் என் கோரிக்கை.

கறுப்பை எடுத்துட்டேன். அம்மா மட்டும், "எனக்கு அது அப்படியே இருக்கட்டும், ராத்திரி சீரியல் கதை படிக்க இதமா இருக்கு"ன்னுட்டாங்க. இப்போ வீட்ல ஆளுக்கொரு நிறம்.

டிஸ்கி: நான் கண் டாக்டர் இல்ல. வெளிச்சம் கூசுதுன்னா முதல்ல கண்ணைக் காட்டுங்க, அப்புறம் எக்ஸ்டென்ஷனைத் தேடுங்க. இன்னைக்கு ராத்திரியே உங்க வீட்டு பிரவுசர்ல என்னென்ன எக்ஸ்டென்ஷன் இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. எப்போ போட்டோம்னே தெரியாத ரெண்டாவது இருக்கும். பந்தயம் கட்டறேன்!