குடிகாரன் சரி, 'புகைகாரன்' எங்கே?

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். "சேச்சே, அதெல்லாம் இல்லை. எப்பவாவது ஒரு சிகரெட், அவ்வளவுதான்" என்றால் பெண் வீட்டாருக்கு நிம்மதி. குடிப்பவரைத் திட்டக் 'குடிகாரன்' என்ற சொல் இருக்கிறது. புகைப்பவரைத் திட்ட அப்படி ஒரு சொல்லே புழக்கத்தில் இல்லை!

காரணம் எளிது. குடி தள்ளாடும், சத்தம் போடும், சம்பளத்தைக் கரைக்கும், தெருவுக்கே தெரிந்துவிடும். சிகரெட் பிடிப்பவரோ நிதானமாக வேலைக்குப் போய் வருவார். நுரையீரல் கெட்டது பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

குடியைக் கண்டிப்பது சரிதான். ஆனால் புகைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, அப்பா விடும் புகையைக் குழந்தையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறது.

"சிகரெட் பிடிப்பாரா?" என்பதையும் அதே கண்டிப்போடு கேட்டால் என்ன?