வளைந்து போன நிரைகள்

வெண்புரை நீங்கிய கண்ணோடு, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் அமர்ந்து, எதிர்மலைத் தேயிலை நிரைகளை ஒரு மாதகாலம் ஆனந்தமாய் எண்ணிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, "நிரையெல்லாம் நடுவுல வளைஞ்சு போச்சு தம்பி" என்று சொன்னபோது, அதைப் பனிமூட்டத்தின் மாயமென்று நினைத்தேனேயன்றி, சத்திரசிகிச்சை செவ்வனே முடிந்த பின்பும், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள், அழற்சியினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, விழித்திரையின் மத்திய ஸ்தானத்தில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும் என்ற விஷயத்தை அறிந்தேனல்லேன். 1953இல் இர்வின் என்னும் அமெரிக்க வைத்தியர் விவரித்து, 1966இல் காஸ், நார்ட்டன் இருவரும் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் படம்பிடித்துத் தெளிவுபடுத்திய இவ்வீக்கம், பெரும்பாலோர்க்குச் சொட்டுமருந்தாலேயே வற்றிவிடுவது; சீனி வியாதிக்காரர்க்கோ அபாயம் அதிகம் (சாயத்தண்ணீருக்குச் சீனியை அள்ளிப் போடும் நம்மவரிடம் இதைச் சொல்வதே சங்கடம்). ஆகையால், கட்டவிழ்த்த மறுநாள் சுவரிலுள்ள எழுத்தைப் படித்துக் காட்டியவுடன் காரியம் முற்றிற்றென்று எண்ணும் வழக்கம் பெரும் பிசகு என்பதும், வைத்தியர் குறித்துக் கொடுத்த மறுபரிசோதனைத் தேதியே பிரதானம் என்பதும் என் அபிப்பிராயம். அந்தத் தேதியிலோ, துணைக்குப் போகும் மகளுக்கு ஒருநாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். நகரத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். "பார்வைதான் வந்துருச்சே" என்று பாட்டியே ஆட்சேபிப்பாள். அடுப்பங்கரை மாடத்தில், பழைய பவுடர் டின்னுக்குள் அவள் பத்திரப்படுத்தியிருந்த சொட்டுமருந்துப் புட்டி பாதிக்கு மேல் நிறைந்தே இருந்தது.