அசுவினிக்கு நஞ்சு, அடிப்பவனுக்கும் நஞ்சு!

ஜவ்வாது மலையிலே சாமை விளைகிறது; கொள்ளு விளைகிறது; அவரைக் கொடி படர்கிறது. மழையை நம்பி, மலையாளிப் பழங்குடி மக்கள் வியர்வை சிந்தி வளர்க்கும் வெள்ளாமை. அந்தக் கொடியின் கொழுந்திலும் பூவிலும் பிஞ்சிலும் கருகருவென்று அப்பிக்கொள்கிறது அசுவினி. உழைக்காமலே சாற்றை உறிஞ்சுகிறது. போதாதென்று, நச்சுயிரி நோயையும் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது. உழைக்காமல் உறிஞ்சுவோரை ஊரிலே கண்டவர்கள் நாம். அதன் குணம் நமக்குப் புரியாததல்ல.

"மருந்து அடி" என்கிறார்கள். எது மருந்து? புட்டியிலே இருப்பது நஞ்சு! முதுகிலே தெளிப்பானைச் சுமந்து, மூக்குக்கு ஒரு துணியும் இன்றி அதை அடிப்பவன் யார்? ஆலை முதலாளியா? இல்லை, அன்றாடக் கூலி! மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்திலே 2017ஆம் ஆண்டு பருத்திக்கு நஞ்சு தெளித்த உழவரும் கூலிகளும் 20 பேருக்கு மேல் மாண்டனர். பூச்சியைக் கொல்லப் போனவர்கள் பிணமாயினர்.

வேறு வழி உண்டா? உண்டு. பட்டுப்புழுவை மடியச் செய்வது ஒரு பூஞ்சணம் என்று இத்தாலி நாட்டு அகொஸ்தினோ பாஸி 1835லே மெய்ப்பித்தார். 1879லே மெச்னிகோவ் என்ற ருஷ்ய அறிஞர், தானியத்தைக் கெடுக்கும் வண்டின் மீது பூஞ்சணத்தை ஏவிப் பார்த்தார். அந்த வழியிலே வந்ததுதான் இன்று அசுவினிக்குத் தெளிக்கும் வெர்ட்டிசிலியம் லெக்கானி. அதன் வித்து பூச்சியின் தோலிலே ஒட்டி முளைக்கிறது, தோலைத் துளைத்து உள்ளே வளர்கிறது, பூச்சி சாகிறது. அவரைக்குக் கேடில்லை.

குறையை மறைப்பானேன்? நஞ்சைப்போல் அன்றே வீழ்த்தாது. சில நாள் பிடிக்கும். வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். ஆகவே அசுவினி தலைகாட்டியதுமே, மாலை வேளையிலே, இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். பூஞ்சணக் கொல்லி மருந்தோடு கலக்கக் கூடாது. மார்கழிப் பனி மனிதனை நடுக்கும். இந்த வித்துக்கோ அதுவே துணை!

பிறகு என்ன தடை? இது உயிருள்ள சரக்கு. தகரக் கொட்டகை வெப்பத்திலே கிடந்தால் வித்து செத்துவிடும். செத்த பொடியைக் காசு கொடுத்து வாங்கி அடித்தவன், "பலனில்லை" என்று நஞ்சுக் கடைக்கே திரும்புவான். குற்றம் பூஞ்சணத்தின் மீதா? காக்கத் தவறியவர் மீதா?

ஆகவே நாம் கேட்கிறோம்: ஜமுனாமரத்தூரிலே அரசினர் ஒரு சிறு உற்பத்திக் கூடம் அமைக்கட்டும். மலைவாழ் இளைஞர்க்கே அங்கு வேலை கொடுக்கட்டும். தேதி பார்த்து, உயிர் பார்த்து, அவரை பூக்குமுன் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக மலிவு விலைக்கு வழங்கட்டும்.

முடியாதா? இதே மலையிலே, காவலூரிலே, விண்மீன்களைப் பார்க்க 1986லே 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்த நாடு இது. விண்ணிலே மின்னுவதைக் காண முடிந்தவர்களுக்கு, அடிவாரத்து ஏழையின் அவரைக் கொடியிலே மொய்க்கும் பேன் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்?

தோழர்களே, அடுத்த கிராமசபையிலே இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள். அவரையும் பிழைக்க வேண்டும். அதை வளர்ப்பவனும் பிழைக்க வேண்டும்!