வாளுக்குப் பணியாத கிராமம்

கோசினி எழுத, உடெர்சோ வரைய, 1959இல் பிரான்சில் பிறந்தது ‘ஆஸ்டெரிக்ஸ்’ சித்திரக்கதை. கி.மு. 50இல் சீசரின் ரோமாபுரிப் படைக்குப் பணியாத ஒரு சிறு கிராமத்தின் கதை. இன்றும் உலகம் அதைப் படித்துச் சிரிக்கிறது. வெறும் கோமாளித்தனத்திற்கா? இல்லை என்கிறோம் நாம்.

1976இல் வந்த கதையைப் பாருங்கள். வாளால் முடியாததைக் காசால் முடிக்கப் பார்க்கிறான் சீசர். ஒபெலிக்ஸ் செதுக்கும் நெடுங்கற்களை விலையை ஏற்றி ஏற்றி வாங்குகிறார்கள் ரோமானியர்கள். ஒன்றாக விருந்துண்டவர்கள் ஆளுக்கொரு பட்டறை போட்டு மோதிக்கொள்கிறார்கள். கற்கள் மலையாகக் குவிகின்றன, வாங்க ஆளில்லை. நஷ்டம் ரோமாபுரிக்கே!

அடித்துப் பார்ப்பார்கள், பணியாவிட்டால் விலை பேசுவார்கள். ஆலையிலும் வயலிலும் நாம் காணாததா இது? மந்திரக் கஷாயம் கதையில்தான் உண்டு. மறுபடி ஒன்றுசேரும் பலம் நம்மிடமும் உண்டு.