டொமவோயும் எங்க ஊர் வேடியப்பனும்

ரெண்டு வாரமா ராத்திரி தூக்கம் போச்சு மக்களே. காரணம் 'விட்சர்'. கேம் முடிச்சு, நெட்ஃப்ளிக்ஸ்ல பார்த்து, கடைசியா புத்தகத்துக்கு வந்து சேர்ந்திருக்கேன் (எல்லாமே தலைகீழாத்தான் நமக்கு). சப்கோவ்ஸ்கி 1986-ல ஒரு போலந்து பத்திரிகையில எழுதின சிறுகதையில ஆரம்பிச்ச சமாச்சாரம் இது. 1998-ல ரஷ்யாவில லுக்யனென்கோ 'நைட் வாட்ச்' எழுதி சூனியக்காரிகளை மாஸ்கோவுக்குக் கூட்டிட்டு வந்தாரு. 2001-ல நீல் கெய்மன் 'அமெரிக்கன் காட்ஸ்'ல செர்னபோக்ங்கிற பழைய ஸ்லாவிய தெய்வத்தை சிகாகோவில ஒரு ஓட்டை வீட்ல குடிவெச்சாரு. ஆளு மாடு வெட்டற இடத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு!

இதுல எனக்குப் பிடிச்சது டொமவோய்தான். அடுப்புக்குப் பின்னாடி குடியிருக்கிற வீட்டு தெய்வம். வீடு மாறும்போது பழைய அடுப்பு நெருப்பை எடுத்துட்டுப் போய், "நீயும் வாப்பா"ன்னு கூப்பிடணுமாம். கூப்பிடலைன்னா பாழடைஞ்ச வீட்ல தனியா அழுதுட்டு இருக்கும்.

படிச்சதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பிடிமண். பிழைக்கப் போன இடத்துக்கு குலதெய்வம் கோயில்ல ஒரு பிடி மண் எடுத்துட்டுப் போய் அங்க சாமியை வைக்கிறது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன்ல 1932-ல ரயில்வே தொழிலாளிகள் முனீஸ்வரனுக்குக் கோயில் வெச்சாங்க. சென்னையில பாடிகாட் முனீஸ்வரன் இருக்காரு, புது வண்டி வாங்கினவன் நேரா அங்கதான் போறான். சுருட்டும் சாராயமும் படையல், டயருக்கு எலுமிச்சம்பழம். நகரத்துல வாழற தெய்வத்துக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா கதை எங்க?

'விடாது கருப்பு' இருக்கேம்பீங்க. யூடியூப்ல ரெண்டு தடவை பார்த்தாச்சு, எனக்கு உயிர். ஆனா அதுலயும் கடைசியில மனோதத்துவ டாக்டர் வந்துடறாரு. நம்ம கதைகள்ல சாமி ஒண்ணு வேப்பிலையோட கிராபிக்ஸ்ல வரணும், இல்ல எல்லாம் மனுஷன் வேலைன்னு நிரூபிக்கணும். ஸ்லாவியக்காரங்க மாதிரி, பழக்கவழக்கமும் கோபதாபமும் உள்ள பக்கத்து வீட்டுக்காரரா யாரும் வெச்சுப் பார்க்கலையோன்னு தோணுது.

சரி நானே எழுதறேன்னு உட்கார்ந்தேன். ஹீரோ எங்க தர்மபுரி வேடியப்பன். ஓசூர் தாண்டி சில்க் போர்டு டிராஃபிக்ல வில்லோட நிக்கிறாரு. அஞ்சு பக்கம் ஜோரா ஓடுச்சு. அப்புறம் நின்னு போச்சு.

ஏன்னா, பெருன்ங்கிற இடி தெய்வத்தோட சிலையை 988-ல விளாதிமிர் மன்னன் கீவ்ல ஆத்துல தள்ளிட்டான். ஆயிரம் வருஷம் கழிச்சு அவரை வெச்சு என்ன வேணா எழுதலாம், கோயில்ல பதில் சொல்ல வேண்டிய நிலைமை பெருசா கிடையாது. வேடியப்பனுக்கு வருஷா வருஷம் கிடா வெட்டறோம். இன்னொண்ணு, எங்க பக்கம் வேடியப்பன்னு கும்பிடற கல்லுல நிறைய நடுகல். ஆநிரை மீட்கப் போய் செத்தவனுக்கு வெச்ச கல்லு. தொல்லியல் துறை 1972-ல 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமே போட்டிருக்கு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்ல எசமானோட நின்ன நாய்க்கும் சேர்த்து கல் இருக்கு, நாய் பேரு கோவிவன்! காத்தவராயன், மதுரைவீரன் கதையைப் பாருங்க, அவங்க கொலையான ஆளுங்க. ஏன் கொன்னாங்கன்னு கேட்டா சாதி வந்து நிக்கும். அதை விட்டுட்டு மீசையையும் அருவாளையும் மட்டும் எடுத்து சூப்பர் ஹீரோ ஆக்கினா, கொன்னவனுக்கு நாமளே விடுதலை குடுத்த மாதிரி ஆயிடும். விட்சர் ஃபார்முலா, அதாவது மிருகப் பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா வெட்டறது, நமக்கு ஆகாதுங்கிறது என் கட்சி. பேயோ சாமியோ, எப்படிச் செத்தாங்கிறதுல இருந்துதான் நம்ம கதை ஆரம்பிக்கணும்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப ஆயாகிட்ட கதையைச் சொன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டுட்டு, "எழுது சாமி, எழுது. அவரு யாரு மாட்டை மீட்கப் போனாருன்னு அதுல போட்டிருக்கியா?"ன்னுச்சு.

போடலை. அடுத்த நாள் காலைல கல்லுகிட்ட போய் பார்த்தேன். எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்தே தெரியல. பூசாரிகிட்ட துடைக்கலாமான்னு கேட்டிருக்கேன்.

டிஸ்கி: வட்டெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பு :-)